என் மேல கேஸ் போட்ட மஞ்சுளா மேடம்

மஞ்சுளா மேடம் போயிட்டாங்க. சூளகிரி பக்கம் வனக்காப்பாளரா இருந்தவங்க... என் மேல வன உயிரினச் சட்டத்துல கேஸ் போட்டவங்க.

காலைல கொத்தனார் நாகப்பா போன் பண்ணி அழுதாரு. வயித்துல கேன்சராம், ஆறேழு மாசமா. நாப்பத்திரண்டு வயசுதான். எனக்கு எதுவுமே தெரியாது.

கேஸ் போட்டவங்களுக்குப் போய் அஞ்சலி எழுதுறானேன்னு சிலர் நினைப்பீங்க. நினைச்சுக்கோங்க. எனக்கு மனசு ஆறல.

போன வருஷம் சூளகிரி தாண்டி ஒரு கம்பெனி ஷெட் கட்டுற சைட்ல நான் சூப்பர்வைசர். தடுப்புச் சுவர் எழுப்ப ஜேசிபி வச்சு மேட்டை நேரா வெட்டி வச்சிருந்தோம். டிராயிங் மாத்துறோம்னு ஆபீஸ்ல இழுத்தடிச்சதுல அந்த மண் சுவர் ரெண்டு மாசம் சும்மா நின்னுச்சு.

திரும்ப வேலை ஆரம்பிக்கலாம்னு போனா சுவர் முழுக்க ஓட்டை. எலி வளை இருந்தா கலவை போட்டு அடைச்சுட்டுத்தான் மேல வேலை... எல்லா சைட்லயும் அதான் பழக்கம். நாகப்பாகிட்ட அடைக்கச் சொன்னேன்.

"எலி இல்ல சார். குருவி உள்ள பூந்து பூந்து வருது"ன்னாரு.

"குருவி மரத்துல கூடு கட்டும்யா. மண்ணுக்குள்ளயா கட்டும்? சொன்னதைச் செய்"ன்னேன். பெரிய மேதாவி நான்.

சாயங்காலத்துக்குள்ள பதினோரு ஓட்டையும் அடைச்சாச்சு.

மறுநாள் காலைல பார்த்தா கம்பி மேல வரிசையா பச்சைக் குருவிங்க. பஞ்சுருட்டான்னு பேருன்னு அப்புறம்தான் தெரியும். சில குருவிங்க வாயில தட்டான். சுவரையே பார்த்து கத்திக்கிட்டே இருந்துச்சுங்க.

அழகா இருக்கேன்னு போட்டோ எடுத்து இதே பேஸ்புக்ல போட்டேன். "சைட்டுக்கு வந்த பச்சை விருந்தாளிங்க"ன்னு கேப்ஷன் வேற. உங்கள்ல பல பேரு ஹார்ட் போட்டீங்க.

பின்னாடி சுவர்ல வட்ட வட்டமா சிமெண்ட் தெரிஞ்சதை ஒருத்தர் மட்டும் கவனிச்சு வனத்துறைக்கு அனுப்பியிருக்காரு.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே மேடம் ஸ்கூட்டில வந்துட்டாங்க. யாரையும் திட்டல. வண்டி டிக்கியில இருந்து ஒரு ஸ்குரூடிரைவர் எடுத்தாங்க.

"உள்ள குஞ்சு இருக்குதுங்க சார். மொதல்ல தொறக்கலாம், அப்பறம் பேசிக்கலாம்."

அவங்களும் நாகப்பாவும் தெலுங்குல ஏதோ பேசிக்கிட்டே வெயில்ல ஒவ்வொண்ணா தோண்டினாங்க. நல்லவேளை, கலவை இன்னும் முழுசா கெட்டிப்படல. ஏழு வளைக்குள்ள தாய்ப்பறவைங்க கொஞ்ச நேரத்துல பூந்துச்சுங்க.

மத்த நாலுக்குள்ள எதுவும் போகல. ஒண்ணுல இருந்து இறகு முளைக்காத மூணு குஞ்சை வெளிய எடுத்து நியூஸ்பேப்பர்ல வச்சாங்க. என்னால அதைப் பார்க்க முடியல.

"சட்டத்துல இதுக்கு வேட்டைன்னு பேருங்க சார். கூட்டைக் கலைச்சாலும் வேட்டைதான்."

"மேடம், நான் ஒரு கோழி கூட அறுத்ததில்ல"ன்னேன்.

"தெரியுதுங்க. ஆனா நான் எழுதித்தான் ஆவணும்."

அதுக்குள்ள மேனேஜர் போன்ல... கொத்தனார் தானா அடைச்சுட்டான்னு சொல்லிடு, இல்லைன்னா உன் வேலை போயிடும்னு. நானும் மேடம்கிட்ட அப்படியே சொன்னேன். நாகப்பா பக்கத்துலயே நிக்கிறாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு "ஆமாங்க மேடம், நான்தான்"ன்னுட்டாரு.

மேடம் பேனாவை மூடிட்டாங்க. "அவசரமில்லீங்க சார். தண்ணி குடிச்சுட்டு இன்னொரு வாட்டி சொல்லுங்க."

பாட்டில் தண்ணியை மொத்தமா குடிச்சேன். அப்புறம் நான்தான் அடைக்கச் சொன்னேன்னு சொன்னேன். அதை எழுதி, படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கினாங்க.

குஞ்சுங்க பறக்குற வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாதுன்னு கயிறு கட்டிட்டாங்க. கம்பெனி அந்த வாரமே என்னை வீட்டுக்கு அனுப்பிடுச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு மேடம்கிட்ட இருந்து போன்.

"சார், இன்னிக்குக் குஞ்சுங்க வெளிய வந்து கம்பியில குந்திகினு இருக்குதுங்க. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரல்ல. நான் வேலை போன கடுப்புல, "ரொம்ப நல்லதுங்க மேடம், நான்தான் இப்ப தெருவுல நிக்கிறேன்"னு சொல்லி கட் பண்ணிட்டேன். அதுதான் அவங்ககிட்ட நான் கடைசியா பேசினது...

கோர்ட்ல வக்கீல் சொன்ன மாதிரி, நான் எந்தத் தப்பும் செய்யலன்னு சொன்னேன். மேடம் எதிர்ப்பக்கம் நின்னுக்கிட்டு இருந்தாங்க. ரொம்ப மெலிஞ்சிருந்தாங்க. காட்டு டியூட்டி அலைச்சலா இருக்கும்னு நினைச்சேன்.

என்னைப் பார்த்து லேசா தலையாட்டினாங்க. நான் போனைப் பார்க்குற மாதிரி திரும்பிக்கிட்டேன். இன்னிக்கு முழுக்க அந்த மூஞ்சிதான் கண்ணு முன்னால நிக்குது.

இப்பதான் வக்கீல் கூப்பிட்டாரு. விஷயம் அவருக்கும் தெரிஞ்சிருக்கு. "உங்ககிட்ட கையெழுத்து வாங்கின முக்கியமான சாட்சியே இல்ல சார் இப்ப. எல்லாத்தையும் அந்தக் கொத்தனார் தலையில போட்டுட்டு நீங்க வெளிய வந்துடலாம்"ங்கிறாரு. வாழ்த்து சொல்ற குரல்ல.

நாகப்பா என் பக்கத்துலதான் நிக்கிறாரு. அஞ்செட்டி பஸ்ஸுக்காக நிக்கிறோம். மேடம் ஊரு அங்க உள்ள தள்ளியாம், சாயங்காலம் அடக்கம். கையில ஒரு மாலை வாங்கி வச்சிருக்காரு. வக்கீல் சொன்னது எதுவும் அவருக்குக் கேக்கல.

மேடம்... நேர்ல சொல்லியிருக்கணும். சொல்லல. மன்னிச்சுடுங்க.

அடுத்த வாய்தாவுக்கு நீங்க வரலைன்னா பரவாயில்ல. நான்தான் அடைக்கச் சொன்னேன்னு நானே சொல்லிடுறேன்.