வாசலில் தொங்கிய துடைப்பம்

கைகள் துடைப்பத்தின் கழுத்திலிருந்து கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தன. கம்பி முறுக்கிக்கொள்ளக் கூடாது. மறுபடி கட்ட அதே கம்பிதான் வேண்டும். ஐந்தாவது சுற்றில் துடைப்பச் சோளத்தின் தாள்கள் தளர்ந்து விரிந்தன. கட்டைவிரல் சின்ன வட்டக் கண்ணாடியின் விளிம்பைத் தடவி, அதைப் பிடித்திருந்த சிவப்பு நூலின் முனையைக் கண்டுபிடித்தது. முப்பத்துநாலு வருடம் துடைப்பம் கட்டிய கைகள். கட்டியதைப் பிரிப்பது இதுதான் முதல் தடவை.

ரெஜெப்பின் கைகள் அவை. துருக்கியரின் எதிர்னே நகரம் சரணடைந்து இரண்டாம் நாள்.

ஐந்து மாதம் பல்கேரியப் படை ஊரைச் சுற்றி நின்றது. மாவு தீர்ந்த பிறகு, துடைப்பத் தாளிலிருந்து சீவி எடுக்கும் விதையை அரைத்து ரொட்டி சுட்டார்கள். ரெஜெப் தன் விதை மூட்டைகளைத் தெருவுக்கே பங்கு போட்டார். இன்னும் ஒரு மாதம் இதையே தின்றால் வயிற்றுக்குள் துடைப்பம் முளைத்துவிடும் என்று பக்கத்து வீட்டுச் செருப்புத் தைப்பவர் சொன்னபோது தெருவே சிரித்தது. அந்தக் குளிர்காலத்தில் தெரு சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு கோட்டைமேல் வெள்ளைக்கொடி ஏறியது. சரணடைந்த துருக்கிச் சிப்பாய்களை ஆற்றுத் தீவுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். வீடு வீடாகப் புகுந்து நிலவறையையும் பரணையும் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ரெஜெப் மகள் ஹாஜெரைப் பட்டறை மூலையில் கிடந்த தாள் குவியலுக்குள் படுக்கவைத்து, மேலே கட்டுக் கட்டாக அடுக்கினார். சுவர்க் கடிகாரத்தை அடுப்புச் சாம்பலில் புதைத்தார். ஒன்றை மட்டும் மறந்தார். கல்யாண வயதுப் பெண் இருக்கும் வீட்டு வாசலில் கண்ணாடி பதித்த துடைப்பம் தொங்கும். பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது அதுவும் கூடப் போகும். ஹாஜெரின் துடைப்பம் இரண்டு வருடமாகத் தொங்கியது. தினமும் பார்த்த கண்ணுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

தெருவில் போன பல்கேரியச் சிப்பாயின் கண்ணுக்குத் தெரிந்தது. துப்பாக்கியோடு உள்ளே வந்தான். நாற்பது வயதிருக்கும், பென்ச்சோ என்று பெயர் சொன்னான். ஆற்றுக்கு மேற்கே கிராமம். துருக்கி மொழி நன்றாகப் பேசினான்.

“பொண்ணு எங்க, கிழவா?”

மாசியில் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள் என்றார் ரெஜெப். மனைவி ஷெரிஃபெ அழத் தொடங்கினாள். அந்த அழுகையில் நடிப்பு இல்லை.

“அவ செத்துட்டான்னா தொடப்பம் ஏன் இன்னும் தொங்குது?”

“இவ கழட்ட விடமாட்டேங்கிறாய்யா.”

அவன் ஷெரிஃபெயைப் பார்த்தான். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். ஈஸ்டர் கழிந்து தன் தங்கைக்குக் கல்யாணம் என்றும், இதே மாதிரி ஒன்று கட்டித் தரவேண்டும் என்றும், இருந்தே வாங்கிக்கொண்டு போவதாகவும் சொன்னான். மூலையைக் காட்டினான்.

“தாளுதான் அவ்வளவு கெடக்கே.”

“அது ஈரம்யா. பூஞ்சை புடிச்சது. ஆகாது.”

தன் சரக்கை மட்டம் என்று ரெஜெப் சொன்னதில்லை. கந்தகப் புகை காட்டி, வெயிலில் உலர்த்திய, அந்த வருடத்தின் முதல்தரத் தாள் அது. உடனே எழுந்து வாசலுக்குப் போய் மகளின் துடைப்பத்தைக் கழற்றி வந்தார். செத்தவள் துடைப்பத்தை அப்படியே கொடுக்கக் கூடாது, பிரித்துப் புதிதாகத்தான் கட்டவேண்டும் என்றார். பெண் வீட்டில் இருக்கும்போது அவள் துடைப்பத்தை யாரும் பிரிக்கமாட்டார்கள். ஷெரிஃபெ முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.

இப்படித்தான் அந்தக் கைகள் பிரிக்க ஆரம்பித்தன.

பிரித்த தாளை நனைத்து, நீளம் பார்த்து அடுக்கி, முழங்காலில் அழுத்திக் கம்பியை இறுக்கினார். பென்ச்சோ சும்மா இருக்கவில்லை. எட்டி, குவியலின் ஓரத்திலிருந்து ஒரு தாளை உருவி ஒடித்தான். சடக்கென்று முறிந்தது.

“இதா ஈரம்?”

“உள்ள இருக்கறதுய்யா.” ரெஜெப் தலை நிமிரவில்லை. கம்பி விரலை அறுத்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

பென்ச்சோ ஒடிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குவியலையே பார்த்தான். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இரண்டு சிப்பாய்கள் எட்டிப்பார்த்துத் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார்கள். அவனும் அதே மொழியில் பதில் சொன்னான். என்ன சொன்னான் என்று ரெஜெப்புக்கு விளங்கவில்லை. ஒருவன் சிரித்தான். இருவரும் போனார்கள். திரும்பி வருவதற்காகப் போகிறார்களோ என்னவோ. பென்ச்சோ முக்காலியைத் திருப்பி, குவியலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

தடித்த ஊசியால் மூன்று வரிசை தைத்தார் ரெஜெப். எத்தனை அவசரத்திலும் வரிசை கோணக்கூடாது, கோணவில்லை. விரலில் கசிந்த ரத்தம் சிவப்பு நூலில் தெரியவில்லை. கடைசியாகக் கண்ணாடியைப் பதித்தார். அதில் அவனுடைய தோளும், தோளுக்குப் பின்னே குவியலும் தெரிந்தன. குவியலின் மேல்கட்டு மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கியது.

“முடிஞ்சுதுன்னா குடுங்க, பெரியவரே,” என்றான் பென்ச்சோ.

ரெஜெப் கண்ணாடி தரையைப் பார்க்கும்படி துடைப்பத்தைக் கவிழ்த்து, இரண்டு கைகளாலும் நீட்டினார். அவன் கண்ணாடியைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.