பத்துக்குப் பதினொன்று

ஜெயித்த குதிரைக்குக் கிடைத்த பதினோரு ரூபாயோடு தேரடித் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். லாரி ஓட்டப் பழக அறுபது ரூபாய் கட்டவேண்டும். போன வாரம் ஒருவனுக்குப் பத்துக்கு எழுபது வந்ததைப் பார்த்து, என்னிடமிருந்த கடைசிப் பத்தைக் கட்டியிருந்தேன்.

மெட்ராஸ் ரேஸுக்கு இந்த ஊரில் பணம் வாங்கியவர் ஒரு லாட்ஜ் குமாஸ்தா. ஒல்லியான ஆள், நெற்றி நிறைய விபூதி. எந்த நோட்டு வந்தாலும் தொடையில் வைத்து நீவி, சுருக்கம் எடுத்த பிறகுதான் பையில் வைப்பார்.

"ஜெயிச்சதுக்கு ஒரு ரூபாதானாங்க?" என்று அவரிடம் கேட்டிருந்தேன்.

"தோத்தவங்க காசைத்தானே பிரிச்சிக் குடுக்கமுடியும்? ஆளுக்குப் பத்துன்னு இருபது பேரு கட்னீங்க. பதினெட்டு பேரு உன் குதிரை மேல. தோத்தது ரெண்டே பேரு, இருபது ரூபா. என் கமிஷன் ரெண்டு போவ தலைக்கு ஒண்ணு. டீக்கடையில ஒக்காந்து ஊருக்கே குதிரை பேரைச் சொன்னது நீதானே?"

"நான் கட்டும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"கடைசியா வந்தவன் நீ. தெரியாம இருக்குமா?"

நான் கட்டாமல் போயிருந்தாலும் அவருக்கு அதே இரண்டு ரூபாய்தான். பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மறுநாள் காலை வேங்கிக்காலில், வீடு கட்டுகிற இடத்தில் செங்கல் சுமக்கச் சேர்ந்தேன்.