படகு வீடாகுமா

புயலில் எங்கள் வீட்டுக் கூரையில் பாதி போயிற்று. மேற்குச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்தது. பழவேற்காட்டுக் கரையில் எங்கள் குப்பத்துக்கு இது புதிதல்ல. மற்றவர்கள் மிஞ்சிய கூரையின்மேல் தார்ப்பாய் போட்டுக்கொண்டு அதே வீட்டில் இருந்தார்கள். நாங்கள்தான் தார்ப்பாயைப் படகில் கட்டினோம்.

யோசனை என்னுடையது. மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பார்த்துவந்த வேலையை அப்போதுதான் விட்டிருந்தேன். என் கணவர் இறாலைத் தேடி வடக்கே தீவுகள் பக்கம் போனால் பல நாள் அங்கேயே தங்குவார். நாங்களும் வருகிறோம் என்றேன். இன்னும் பள்ளியில் சேராத மகள் தன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வீட்டைப் பூட்டினோம். பொங்கல் முடிந்திருந்தது.

முன்பக்கம் வலை, நடுவில் தார்ப்பாயின் கீழ் மூவருக்கும் பாய், பின்பக்கம் மண்ணெண்ணெய் அடுப்பும் தண்ணீர்க் கேன்களும்: இதுதான் குடித்தனம். இரக்கம் தீவு, வேநாடு, பெயரில்லாத மணல் திட்டுகள் என்று மாறிமாறிப் போனோம். காற்று திரும்பினால் இடம் மாற வேண்டும். தண்ணீர் வற்றினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், அதற்கு முன்பே கிளம்ப வேண்டும். உண்மையில் காற்றையும் தண்ணீரையும் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு திட்டில் நங்கூரம் போட்டதுமே என் கண் அடுத்த திட்டைத் தேடியது. ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. தீவுக் கிணறுகளில் தண்ணீர் எடுக்கும் பெண்கள், "ஊரை வுட்டே வந்துட்டீங்களா?" என்று விசாரிப்பார்கள். இல்லை என்பேன். சொல்லிவிட்டுப் படகுக்குத் திரும்பும்போது அந்தப் பதிலில் எனக்கே பிடிப்பு இருக்காது. மகளுக்குப் போட வேண்டிய தடுப்பூசி ஒன்று தள்ளிப்போயிற்று. இது சுதந்திரமா, ஓட்டமா என்று யோசித்துக்கொண்டே அடுத்த இடத்துக்குக் கிளம்புவோம்.

கோடையில் பாடு சீட்டுக்காக ஊர் திரும்பினோம். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சில உண்டு. அவற்றில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு கிடைக்காத குடும்பம் மிச்ச இடங்களில் மிச்ச மீனைத் துழாவ வேண்டியதுதான். எங்களுக்கு அந்த ஆண்டு மொத்தமும் அந்தச் சீட்டில்தான் இருந்தது.

கரையில் இறங்கியதும் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி குரல் கொடுத்தாள். "வாடியம்மா கப்பல்காரி! ஊர் எந்தப் பக்கம்னு ஞாபகம் இருந்துச்சா?"

கோயில் முன் கூட்டம் தொடங்கியிருந்தது. தலைவர் என் கணவரைவிட இளையவர். என்னை அண்ணி என்பார்.

"அண்ணே, உன் பேர்ல சீட்டு எயுதல."

"இன்னாத்துக்கு?"

"அடுப்பு எரியற வூட்டுக்குத்தான் பாடு. உன் வூட்டுல பொகையே காணோமே. பூட்டு துருப்புடிச்சுக் கெடக்குது."

"படவுலதான ஆக்கித் துன்றோம். அது அடுப்பு இல்லியா?"

"அப்போ பக்கத்து வூட்டு மீனுங்களையும் கூட்டத்துக்கு இட்டாந்திருக்கலாமே!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரிக்க முயன்றார்.

அப்போது எங்களுக்காகப் பேசியவர் ஒருவர்தான். நான்கு படகு வைத்திருப்பவர். "புயல்ல வூடு போனவன்பா. புள்ளகுட்டிக்காரன். படவையும் வூடுன்னு சேத்துக்குங்க, இன்னா கெட்டுப்போச்சு?"

பலர் தலையசைத்தார்கள். தலைவர் பெண்கள் நின்ற பக்கம் திரும்பினார். "அண்ணி, அடுப்பு பத்தவெக்கறவ நீ. படிச்சவ வேற. நீயே சொல்லு. படவு வூடாவுமா? ஆவும்னா இப்பவே எயுதிடறேன்."

கரைக்கு வருமுன்பே அதற்கான வாதங்களை மனத்துக்குள் அடுக்கிவைத்திருந்தேன். கூரையைப் பறித்தது புயல், நாங்கள் அல்ல; சோறு வேகும் இடம் எதுவானாலும் அது குடும்பம்தான். வாயைத் திறந்தபோதுதான் அந்த நான்கு படகுக்காரர் என்னையே பார்ப்பதைக் கவனித்தேன். படகு வீடானால் நான்கு படகு நான்கு வீடு. ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பை வைத்துவிட்டால் நான்கு பாடு. ஒற்றைப் படகு வைத்திருக்கும் மற்றவர்களின் முறை அந்த அளவுக்குத் தள்ளித்தள்ளிப் போகும். அப்படித் தள்ளிப்போகிறவர்களில் நாங்களும் இருப்போம்.

"வேணாம் தம்பி. படவு வூடாவாது," என்றேன். "இன்னிக்கே வூட்டுல அடுப்பு பத்தவெக்கறேன். எயுதுவியா?"

"பத்தவெச்சா மட்டும் போதாது அண்ணி. நீயும் கொயந்தையும் இங்கயே இருக்கணும்."

"இருக்கறோம்."

"பொகை வரட்டும் அப்போ. சாயந்தரம்தான் சீட்டு எடுக்கறோம்."

வீட்டுக்குப் போகும் வழியில் என் கணவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பூட்டு சாவிக்குத் திறக்காமல் போக, அதைக் கல்லால் உடைத்த பிறகுதான் சொன்னார்: "ஆமான்னு ஒரு வார்த்த. முடிஞ்சிருக்கும்."

"அவருக்கு நாலு படவு இருக்குது."

"எனக்கும் தெரியும். ஊரைக் காப்பாத்த நம்ம பாடுதான் கெடச்சுதா?"

நான் அடுப்பின் முன் உட்கார்ந்தேன். வேலிகாத்தான் விறகு ஈரமாக இருந்தது. ஊதி ஊதிக் கண் எரிந்தது. பாதிக் கூரையில்லாத வீட்டில் புகை நேராக மேலே போயிற்று. "போதும்டி, ஆந்திராவரைக்கும் தெரியுது!" என்று தெருவிலிருந்து யாரோ கத்தினார்கள்.

மாலையில் எங்கள் பெயரும் எழுதப்பட்டது. கிடைத்த முறை மிக நல்லதுமல்ல, மோசமுமல்ல. எங்கள் முறை வருவதற்குள் ஒரு தடவை தீவுப் பக்கம் போய்வருவதாகக் கணவர் தீர்மானித்தார், தனியாக.

மறுநாள் காலை பாய், தலையணை, பாத்திரம், கேன் என்று எங்கள் குடித்தனத்தை ஒவ்வொன்றாகக் கரையில் இறக்கினார். பாரம் குறைந்த படகு எழும்பிச் சிறு அலைக்கும் ஆடத் தொடங்கியது. அவர் விளிம்பைப் பிடித்து அழுத்திப் பார்த்தார்.

"ரொம்ப ஆடுது. மண்ணு மூட்டை போட்டாத்தான் ஆவும்."

அது சமாதானமா வெறும் தகவலா என்று எனக்குப் பிடிபடவில்லை. சாக்கைப் பிரித்துப் பிடித்தேன். அவர் கையாலேயே மணலை வாரிப் போட்டார். நான் படுக்கும் இடத்தில் ஒரு மூட்டை. மகள், தன் இடத்துக்கான மூட்டையைத் தானே நிரப்புவேன் என்று அடம்பிடித்து ஒரு பழைய தலையணை உறையைக் கொண்டுவந்தாள். அது நிரம்பும்வரை அவர் படகைத் தள்ளாமல் காத்திருந்தார். காற்று வடக்கே போக வாகாகத்தான் வீசிக்கொண்டிருந்தது.