பொட்டு வைக்கக் கழற்றிய மூடி

அந்த ரம்ப மெஷினின் மூடி ஆரஞ்சு நிறம். சுழலும் பற்களில் கை பட்டுவிடாதபடி மேலே கவிழ்ந்திருக்கும் இரும்புக் கூடு. செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் உப்பல் என்ற இடத்தில் மரப்பெட்டிகள் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் நான் மேலாளராக இருந்தேன். அங்கே மேஸ்திரி தினமும் காலையில் முதலில் அந்த மூடியைத்தான் ஆட்டிப் பார்ப்பார். அது கொஞ்சம் அசைந்தாலும் மெஷின் ஓடாது. வாசலில் லாரி நின்றாலும் சரி, நான் குதித்தாலும் சரி, சரிசெய்த பிறகுதான் சுவிட்சைத் தொடுவார்.

அவர் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்தில் குடியேறியது. நான் மதுரையிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஊர்ப் பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு போனவள், மூடியின் மேல் அவர் பொட்டு வைத்திருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

"இதென்ன மேஸ்திரி, முகத்தை விட்டுட்டு முக்காட்டுக்குப் பொட்டு வச்சிருக்கீங்க? எங்க ஊர்ல ரம்பத்துக்குத்தான் வைப்போம்."

"நக்கோம்மா, வேணாம். வருஷா வருஷம் இப்டித்தான். கழட்டுனா திரும்ப மாட்டாம ஓட்டிடுவாங்க."

எல்லார் முன்னாலும் அவர் மறுத்தது எனக்குச் சுருக்கென்றது. கழற்றுங்கள் என்றேன். கழற்றினார்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் ஒரு பலகையாவது அறுத்து வேலையைத் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். மூடி சுவரோரம், வாழைக்கன்றுக்குப் பின்னால் கிடந்தது. அதை மாட்ட அவர் ஸ்பானரை எடுத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "நேரம் போயிடும் மேஸ்திரி. ஒரே ஒரு பலகைதானே?" என்றேன்.

மெஷின் மேசையில் நசுங்கிக் கிடந்த சாமந்தியில் பலகை வழுக்கியது. அவர் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அவர் கத்தவில்லை. இடது கையால் சுவிட்சை அணைத்துவிட்டு, ரம்பம் சுற்றி ஓயும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிற்றல்தான் என்னை விடாமல் துரத்துகிறது. இன்றும் தசராவுக்கு நான் சாமந்தி வாங்குவதில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், கட்டுப்போட்ட கையோடு, "நான்தான் சார் கழட்டுனேன். மேடம் வேணாம்னுதான் சொன்னாங்க" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். என் வேலை போய்விடும் என்று பயந்தேன், வாயைத் திறக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகும் அவரிடம் கேட்கவில்லை. பட்டறைச் சுவரெல்லாம் எச்சரிக்கைப் பலகை மாட்டினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

போன மாதம் அவர் இறந்துவிட்ட செய்தி வந்தது. அல்வாலில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். இந்த முறையாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று, வழியெல்லாம் பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

அவர் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே அந்த மேடம்? கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தார்மா. மேடம் எவ்ளோ சொன்னாங்க, நான்தான் கேக்கலேன்னு. உங்க பேச்சைக் கேட்டிருந்தா அந்தக் கை தப்பிச்சிருக்கும், இல்லியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.