முதல் மொட்டைக்கு முன்னால்

என் மகளுக்கு ஒன்றரை வயதாகியும் திருச்சியிலிருக்கும் என் அப்பா அவளைத் தொட்டுப் பார்த்ததில்லை. அவருக்கு டயாலிசிஸ், ஊரை விட்டு நகர முடியாது. நாங்கள் போகலாம் என்றால் என் மாமியார் குறுக்கே நின்றார். "குலதெய்வத்துக்கு முதல் மொட்டை போடாம புள்ளைய வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதும்மா." மொட்டை போடப் போகலாம் என்றால் பங்காளி வீட்டில் ஒரு சாவு. வருஷம் திரும்பும்வரை கோயில் கிடையாது. செத்தவரை நான் பார்த்ததுகூட இல்லை. அவருக்காக என் அப்பா காத்திருந்தார்.

அப்பாவை ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கிறோம், பாப்பாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று தம்பி போன் செய்த அன்று நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. டிக்கெட் போட்ட பிறகுதான் சொன்னேன். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. செகந்திராபாத் பக்கம் அல்வாலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஏர்போர்ட் ஊரின் மறுகோடி. டாக்ஸியிலேயே பாப்பா என் மேல் வாந்தி எடுத்தாள்.

விமானம் தாமதம். கொண்டுபோன பாலெல்லாம் ஏறுவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. மடியில் உட்கார வைத்துச் சின்ன பெல்ட்டை மாட்டியதும் "நக்கோ, நக்கோ" என்று வில்லாக வளைந்தாள். வேண்டாம் என்பதை, அவளைப் பார்த்துக்கொள்ளும் உருது பேசும் ஆயாவிடமிருந்து அப்படித்தான் கற்றிருந்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நானும் முறைத்தேன்.

விமானம் இறங்கத் தொடங்கியதும் காது வலித்திருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஏதாவது குடிக்கக் கொடுக்கச் சொன்னாள் பணிப்பெண். கொடுத்த தண்ணீரைப் பாப்பா தட்டிவிட்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பக்கத்து சீட்டில் செகந்திராபாத் அம்மாள் ஒருவர். "கைக்கும்மா, எதுக்கும்மா இத்துனூண்டு புள்ளைய ஒண்டியா தூக்கிட்டு வர்றே? வீட்ல யாரும் வரலியா?"

"எங்கப்பா இவளப் பார்க்கணும்னார். ஆஸ்பத்திரில இருக்கார்."

அவர் பாப்பாவின் காதைத் தன் உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டார்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி வாசலில் நின்றிருந்தான். ஐ.சி.யூ. கதவருகே செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார். "சின்னப் புள்ளைங்கள உள்ள விடமாட்டாங்கம்மா. இன்பெக்‌ஷன் ஆயிரும்." கெஞ்சினேன். சண்டையும் போட்டேன். அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது. தூங்கிப்போயிருந்த பாப்பாவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

"எங்க?"

"வெளிய தூங்குறாப்பா. எழுந்ததும் தூக்கிட்டு வர்றேன்."

"தூங்கட்டும், எழுப்பாத" என்றார்.

மறுநாள் மதியம் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது எங்களை யாரும் தடுக்கவில்லை.