திருப்பித் தட்டிய சத்தம்

இது நடந்தது. நடுச்சாமத்தில் இல்லை. நாவற்குடாவில், கச்சான் காற்று முற்றத்துப் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரத்தில். யுத்தம் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வினாயகமூர்த்தி வங்கியில் வேலை பார்த்தவர். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் முகத்துக்கு நேரே சிரிப்பார். இன்றைக்கும் அவர் பேயைக் கண்டதாகச் சொல்வதில்லை. "நான் ஒண்டையும் காணல்ல. கேட்டன்," என்பார். அதையும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்வார்.

அவருக்கு ஜாஸ் என்றால் உயிர். மட்டக்களப்பில் ஜாஸ் கேட்கிற ஆட்களை ஒரு ஓட்டோவில் ஏற்றிவிடலாம். சுனாமிக்கு முந்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மூன்று பேர் அவர் வீட்டு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். காத்தான்குடியில் ரேடியோ திருத்துகிற றமீஸ். டச்பார் கடற்கரையில் இருந்த, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக்காரன் டெரன்ஸ். தச்சுவேலை செய்வான், கலியாண வீடுகளில் ட்றம்ஸ் அடிப்பான். மற்றது மூர்த்தி.

கசெட்டுகளைக் கைமாற்றிக்கொள்வார்கள். அதிலே ஒரு விளையாட்டும் வைத்திருந்தார்கள். ஒருவர் கசெட்டைப் போடுவார், உறையை ஒளித்துக்கொள்வார். ட்றம்பட் யார், பியானோ யார், ட்றம்ஸ் யார் என்று மற்ற இருவரும் காதாலேயே கண்டுபிடிக்கவேண்டும். மூர்த்தி பிழைப்பது குறைவு. ஊதுகிறவர் மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார். "மூர்த்தியண்ணன்ட காதுக்கு எல்லார்ட விலாசமும் தெரியும்," என்று டெரன்ஸ் சொல்வான். அந்தப் பேச்சு மூர்த்திக்கு மிகவும் பிடிக்கும். பிடிக்காததுபோல இருப்பார்.

டெரன்ஸுக்குக் கை சும்மா இராது. பாட்டு ஓடும்போது மேசை, கதிரைக் கை, தீப்பெட்டி, எதிலாவது தட்டிக்கொண்டே இருப்பான். பார்த்துப் பார்த்து மூர்த்திக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு மறுநாள் காலை கடல் வந்தது. டெரன்ஸின் தாயும் தங்கச்சி ஐரினும் டவுணில் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். இரவெல்லாம் ட்றம்ஸ் அடித்துவிட்டு வந்த டெரன்ஸ் வீட்டில் படுத்திருந்தான். அவனுடைய உடல் கிடைக்கவில்லை. அதன் பிறகு கூட்டம் கூடவில்லை. யுத்தமும் பெருத்தது. வீதியில் இறங்கவே ஆட்கள் பயந்த காலம்.

எல்லாம் அடங்கிய பிறகு, றமீஸ்தான் போன் எடுத்தான். "மறுகா தொடங்குவமா அண்ணன்?"

அந்த ஞாயிறு மூன்று மணிபோல றமீஸ் வந்தான். கூடவே ஐரினும் வந்தாள். அவளும் தாயும் இப்போது பனிச்சையடியில், சுனாமி வீட்டுத்திட்டத்தில் இருந்தார்கள். அவள் கைக்குட்டையை அவிழ்த்து ஒரு கசெட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எங்கட வீட்டில மிஞ்சினது இது ஒண்டுதான் சேர். தகரப் பெட்டிக்குள்ள கிடந்தது. றமீஸ் நானா கழுவிக் காயவச்சு வேற கூட்டுக்குள்ள போட்டுத் தந்தாரு."

"பாட்டு ஓடுது," என்றான் றமீஸ். "ஆர் ஆரெண்டு நான் சொல்லல்ல. அது உங்கட வேல."

ஐரின் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். "அண்ணன் மத்தவங்கட பேண்டையும் பதிஞ்சு கொண்டு வருவாரு. எனக்கு இந்தப் பாட்டெல்லாம் விளங்காது சேர். அவர் இதில இரிக்காரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"அம்மா எப்படி இரிக்கா?"

"படுக்கைதான். கண்ண மூட முந்தி மகன்ட கைய ஒருக்காக் கேக்கணுமாம். வேற ஆரையும் போட்டுக் காட்டி அவவ ஏமாத்த எனக்கு ஏலாது சேர்."

மூர்த்தி தலையை ஆட்டினார். தன்னை நம்பி வந்திருக்கிறாள் என்று உள்ளே ஒரு பெருமை. கசெட்டைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு கிளாரினட், கொஞ்சம் அழுக்குப் படிந்த சத்தத்தில். பின்னால் கிட்டார். இரண்டு பேரும் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. சுமாரான ஆட்கள். ஏதோ கலியாண வீட்டுக்காரர்கள்.

அதற்குப் பிறகு ட்றம்ஸ் சேர்ந்தது.

நாலு தட்டுக்குள் ஆளைப் பிடித்துவிட்டார். டெரன்ஸ். வலது கை நேராக வரும், இடது கை ஒரு நூல் பிந்தி வரும். அந்தப் பிந்தலை வேறு யாரும் தட்டமாட்டார்கள். மூர்த்தியின் நெஞ்சு நிறைந்தது. கண்ணை மூடியபடியே சிரித்தார். அவருடைய விரல் தன்பாட்டில் மேசையில் தாளம் போடத் தொடங்கியது. பாட்டு முடியட்டும், சொல்லுவோம் என்று நினைத்தார்.

ஒன்று மட்டும் இடித்தது. தோலில் அடிக்கிற சத்தமாக அது இல்லை. கட்டையில், அல்லது கல்லில் தட்டுகிற சத்தம். ட்றம்ஸ் இல்லாமல் எதிலோ தட்டியிருக்கிறான் என்று எண்ணிக்கொண்டார்.

வாசலில் காற்றுக்குக் கதவு அடித்தது. மூர்த்தி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். விரல் நின்றது.

ட்றம்ஸும் நின்றது.

கிளாரினட் போய்க்கொண்டே இருந்தது. கிட்டாரும் போய்க்கொண்டே இருந்தது. தட்டுகிற சத்தம் மட்டும் இல்லை.

மூர்த்தி மெதுவாக ஒருதரம் தட்டினார்.

டக்.

கசெட்டிலும் ஒருதரம். டக்.

தற்செயல் என்று நினைத்தார். பாட்டோடு சேராமல், வேண்டுமென்றே தாளத்தைக் குழப்பி மூன்று தட்டினார்.

டக்… டக், டக்.

ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு அதே மூன்று. அதே குழப்பம். கடைசித் தட்டு ஒரு நூல் பிந்தி.

மூர்த்தி மற்ற இருவரையும் பார்த்தார்.

றமீஸ் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டில் வைத்தான். சத்தம் வந்தது. கசெட் அதற்குப் பதில் தட்டவில்லை. ஐரின் இருமினாள். அதற்கும் இல்லை.

மூர்த்தியின் விரலுக்கு மட்டும்.

கையை எடுத்து மடியில் வைத்தார். இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

அமைதி…

டக்.

அவர் தட்டவில்லை.

டக்… டக்.

கேட்டுப் பார்க்கிறதுபோல. யாராவது இருக்கிறீர்களா என்கிறதுபோல.

டக், டக், டக், டக்…

வேகமாகிக்கொண்டு வந்தது. தாளம் இல்லை. பாட்டு இல்லை. தட்டுதல் மட்டும்.

"சேர்…" ஐரினின் குரல். "அண்ணன் இரிக்காரா?"

மூர்த்தி அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"இல்ல," என்றார்.

சத்தம் நின்றது.

ஸ்டொப் பொத்தானை அமத்தினார். சில்லு நின்றது. பாட்டு நின்றது. மற்றக் கையை மேசையில் ஊன்றி எழும்பப் பார்த்தார்.

உள்ளங்கைக்குக் கீழே, பலகைக்குள் இருந்து…

டக்.

அவர் பின்னுக்குப் போன வேகத்தில் கதிரை விழுந்தது.

"என்ன சேர்?"

"ஒண்டுமில்ல. கால் விறைச்சிட்டு. இது வேற ஆரோ பிள்ள. உங்கட அண்ணன் இல்ல."

ஐரின் அழவில்லை. கசெட்டைக் கைக்குட்டையில் சுற்றினாள். "உண்மையச் சொன்னதுக்கு நன்றி சேர். இல்லாட்டி அம்மா வேற ஆரோட கையையோ கேட்டுப்போட்டுப் போயிருப்பா," என்றாள். அவள் படலையைத் தாண்டும் வரை மூர்த்தியால் தலை நிமிர முடியவில்லை.

றமீஸை மறித்தார். குரலைத் தாழ்த்தி, "அந்த ட்றம்ஸ்…" என்றார்.

"என்ன ட்றம்ஸ்?"

"கசெட்டில."

றமீஸ் அவரை ஒருமாதிரிப் பார்த்தான். "அதில ட்றம்ஸ் எங்க அண்ணன்? கிளாரினட்டும் கிட்டாரும்தானே. முழுக்க அதுதான். நான் மூணு தரம் போட்டுக் கேட்டன்."

அப்படியென்றால் தான் சொன்னது பொய்யில்லை என்று மூர்த்தி தன்னைத் தேற்றிப் பார்த்தார். முடியவில்லை. கேட்டது அவருடைய காது. பெயர் சொல்லத் தெரிந்த காது. சொன்னால் பைத்தியம் என்பார்கள், இவ்வளவு நாள் சேர்த்த பெயர் போய்விடும் என்ற பயத்தில்தான் வாய் 'இல்ல' என்றது. அதைவிடப் பெரிய பயம், அந்தக் கசெட்டை இன்னொருதரம் போடச் சொல்லிவிடுவாளோ என்பது. டெரன்ஸ் அவருக்குச் சிநேகிதன். கூப்பிட்டவனை அவர் பொத்தானை அமத்தி மூடிவிட்டார்.

அடுத்த கிழமை இரண்டு தரம் பனிச்சையடிக்குப் போக வெளிக்கிட்டார். இரண்டு தரமும் கல்லடிப் பாலத்தோடு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். மேசைக்கு முன்னால் உட்காருவதையும் விட்டுவிட்டார். சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு குசினி வாசலில் நின்று சாப்பிட்டார்.

மூன்றாம் கிழமை ஐரினின் தாய் செத்துப்போனதாக றமீஸ் சொன்னான்.

அடக்கத்துக்குப் போனார். சவக்காலையில் கூட்டம் கலைந்த பிறகு, ஒரு வயதான மனிதர் பூவரச மரத்தடியில் தனியாக நின்றார். கந்தப்போடி. டச்பாரில் டெரன்ஸின் வீட்டுக்கு அடுத்த வளவில் இருந்த மீன்பிடிக்காரர். மூர்த்தி டெரன்ஸின் சிநேகிதன் என்று அறிந்ததும் கிட்ட வந்தார்.

"அந்தக் கிழவிட முகத்த உசிரோட பாக்க எனக்குத் துணிவு வரல்ல தம்பி. செத்த பொறகு வந்து நிக்கன்."

"ஏன்?"

கந்தப்போடி சுற்றிப் பார்த்தார். "அலை வந்து அடுத்த நாள் என்ட மனிசியத் தேடி அங்க போனன். இன்னும் ரெண்டு பேர் கூட வந்தாங்க. டெரன்ஸ்ட வீட்டுக் கூரைக் கொங்கிறீற்று அப்படியே தரையில படுத்துக் கெடந்தது. கீழ இருந்து தட்டிக் கேட்டுது."

மூர்த்தி இன்னும் கிட்டப் போனார்.

"நாங்க மேல கல்லால தட்டினம். திருப்பித் தட்டிச்சு. ரெண்டு தட்டினா ரெண்டு. மூண்டு தட்டினா மூண்டு. உசிர் இரிக்கி எண்டு தெரிஞ்சு போச்சு."

"மறுகா?"

"கடல் திரும்பவும் வருகுதெண்டு ஆரோ கத்தினான். ஓடிட்டம். ஓடக்குள்ள பின்னால வேகமாத் தட்டிக் கேட்டுது தம்பி… கடல் வரல்ல. பொய்க்கதை. அலவாங்கு, கம்பியெல்லாம் எடுத்துக்கொண்டு பின்னேரம் திரும்பி வந்தம். சத்தமில்ல." அவர் முகத்தைச் சால்வையால் துடைத்தார். "அந்தக் கொங்கிறீற்றப் புரட்ட எங்களால ஏலாமப் போச்சு. இண்டைக்கும் மண்ணுக்குள்ள கெடக்கு. வெட்கத்தில ஒருத்தருக்கும் சொல்லல்ல. மத்த ரெண்டு பேரும் இப்ப உசிரோட இல்ல. இத அறிஞ்சவன் நான் ஒருத்தன்தான். இப்ப நீங்க."

மூர்த்தி நேரே ஐரினின் வீட்டுக்குப் போனார். இந்தமுறை பாலத்தில் திரும்பவில்லை, ஏனென்றால் சவக்காலையே பாலத்தைத் தாண்டி, பனிச்சையடிப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனாலும் வழியெல்லாம் கால் பின்னுக்கே இழுத்தது. உண்மையைச் சொல்லவேண்டும், அவள் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனார்.

ஐரின் அவரை இருக்கச் சொன்னாள். தேத்தண்ணி வைத்தாள்.

"ஐரின், அந்தக் கசெட்…"

"அத நான் போடவே இல்ல சேர். நீங்க இல்லையெண்ட பொறகு ஏன்? அம்மாக்கிட்டக் காட்டவும் இல்ல. அலுமாரிக்குள்ளதான் கெடக்கு." அவள் தாய் கிடந்த கட்டிலைப் பார்த்தாள். பாய் சுருட்டி வைத்திருந்தது. "ஆனா கடைசி ரெண்டு நாளும் அம்மா ஒரு மாதிரி. கண்ண மூடிக்கொண்டு கட்டில் சட்டத்தில தட்டிக்கொண்டே கெடந்தா. ரெண்டு தட்டுவா. நிப்பாட்டுவா. காது குடுத்துக் கேப்பா. மறுகா மூண்டு தட்டுவா. விரல் வீங்கிப் போச்சு. கையப் புடிச்சாலும் விடல்ல. ஆருக்கம்மா தட்டுறீங்க எண்டு கேட்டன்."

மூர்த்தி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"'மகன் தட்டுறான்' எண்டா. 'திருப்பித் தட்டினவங்க எல்லாம் அவன விட்டிட்டு ஓடிட்டாங்களாம். நீங்களும் ஓடிராதீங்கம்மா எண்டுறான்' எண்டா சேர்."