கட்டி தட்டாத களி

என் அண்ணனுக்குக் கல்யாணமான மூன்றாம் நாள் அண்ணி எங்கள் வீட்டில் முதன்முதலாகக் களி கிண்டினாள். அப்பா உருண்டையைப் பிட்டார். உள்ளேயிருந்து வேகாத மாவு பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் ஒன்றும் பேசாமல் வட்டிலைத் தள்ளிவைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். எங்கள் அப்பாவுக்குக் கோபத்திலும் பேச்சு கிடையாது, சந்தோஷத்திலும் கிடையாது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது முழங்கையை ஒடித்துக்கொண்டபோது ஒன்பது. நாட்டுக்கட்டு கட்டியும் கை மடங்கவில்லை. அன்றிலிருந்து அடுப்பு என்னுடையதாயிற்று. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப மாவு கொட்டு, இப்ப தொடாத, இப்பக் கிண்டு" என்று சொல்லச் சொல்ல நான் செய்தேன். தம்பிகள் இருவரோடு சேர்த்து ஆறு பேருக்குக் களி. உலக யுத்தம் நடந்த காலம், விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காது. இருட்டில் எழுந்து திருகைக்கல்லில் கேழ்வரகு அரைக்க வேண்டும். பிறகு கொதிக்கும் பானையை இறக்கி, அது நகராதபடி கவைக்கோலால் அழுத்திக்கொண்டு துடுப்பால் கிண்ட வேண்டும். கிண்டி முடித்தால் சாப்பிடக் கை எழும்பாது. ஆகவே அண்ணி வருகிறாள் என்றதும் வீட்டிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். அண்ணன்கூட எனக்கு அடுத்தபடிதான்.

அண்ணிக்குத் தாய் இல்லை. கம்பைநல்லூர்ப் பக்கம் பெரியப்பா வீட்டில் மாடு மேய்த்து வளர்ந்தவள். அங்கே அவளை அடுப்பண்டை விட்டதே இல்லை. அம்மா இதையெல்லாம் விசாரிக்கவில்லை. "ஆடிக்கு அழைச்சிக்கிட்டுப் போறவங்க அங்கயே வெச்சிக்கட்டுங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி அப்பாவிடம் சொன்னாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஏரைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஆடிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அண்ணி போய்விட்டால் துடுப்பு மறுபடியும் என் கைக்கு வரும். அதனால், அப்பாவும் அம்மாவும் காரிமங்கலம் சந்தைக்குப் போகிற நாட்களில் நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன்.

"மாவு கொட்டுனா தொடக் கூடாது அண்ணி. நடுவுல துடுப்பக் குத்திவுட்டுட்டுச் சும்மா இருங்க. தண்ணி மேல ஏறி மாவ மூடணும்."

"எவ்ளோ நேரம் கண்ணு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுப்படியில் நின்று யோசித்துப் பார்த்தேன். "தளதளன்னு கொதிக்குதில்ல, அந்தச் சத்தம் அமுங்கிப் போவும். அப்பத்தான் எறக்கணும்." அவள் பானையருகே காதைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

முதல் வாரக் களியை எருமைக்குப் போட்டோம். இரண்டாம் வாரத்தது அதைவிடக் கொஞ்சம் தேவலை என்பதால் நாங்களே தின்று தீர்த்தோம். வயிறு கல்லாய்க் கிடந்தது. அவள் வீணாக்கிய மாவுக்கும் சேர்த்து மறுநாள் நான் அரைத்தேன். மூன்றாம் வாரமும் கட்டி தட்டியது. எனக்கு அலுத்துப்போய் அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். அதற்குள், வேகட்டும் என்று மறுபடி அடுப்பிலேற்றிய களி அடிப்பிடித்துவிட்டது. பானையைத் தேய்த்தவளும் நான்தான்.

ஐந்தாம் வாரம்தான் களி கட்டி தட்டாமல் வந்தது. ஆனி முடிவதற்குள் ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அண்ணி கிண்டினாள். அப்பா மூன்று உருண்டை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். அம்மா மட்டும் ஒரு விள்ளலை இடக்கை விரல்களால் நசுக்கி நசுக்கிப் பார்த்தாள்.

"ஆரு கத்துக் குடுத்தது?"

அண்ணி அவசரமாகப் பானையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அடி விழும் என்று பயந்துகொண்டே, "நாந்தாம்மா" என்றேன்.

அம்மா அடிக்கவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "வூட்டு வேலைக்கு ஆளு கெடச்சிருச்சிங்க. இனிமே பாப்பாவுக்குப் பாக்கலாம்" என்றாள். எனக்குப் புதுப் பாவாடை பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் அழைத்துப்போனவர்கள் அண்ணியைத் திரும்பவும் கொண்டுவந்து விட்டார்கள். ஆவணியில் நான் வெயில் ஏறும்வரை தூங்கினேன், யாரும் எழுப்பவில்லை. அந்த மாதக் கடைசியில் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாளும் அவள் மகனும் வந்தார்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டுல பதினோரு பேருங்க. களி கிண்டுவாளா?" என்று கேட்டாள்.

"எங்க மருமவளுக்கே இவதாங்க கத்துக் குடுத்தா" என்றாள் அம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. ஒரு பதம் பிசகாமல் எப்படிக் கிண்டுவது என்று, கேட்காமலே அந்த அம்மாளுக்கு விளக்கமாகச் சொன்னேன்.

வெற்றிலை மாற்றிக்கொண்டு அவர்கள் போன பிறகு உள்ளே ஓடினேன். அண்ணி மாவுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "நான் களி கிண்டக் கத்துக்கிட்டதே தப்பு கண்ணு" என்றாள்.

பாவம், இன்னும் தன் கைப்பக்குவத்தில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை என்று எனக்குத் தோன்றியது. "நல்லாத்தானே வருது அண்ணி, அப்பாவே ஒண்ணும் சொல்றதில்லையே" என்று அவளைத் தேற்றினேன்.